ஒரு பிடி மண்ணும் ஒரு தாயின் கேள்வியும்



சென்ற இதழில் பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளின் நித்திரை, சாப்பாடு பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சகோதரி ஒருவர் எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். “ரீச்சர், என்ர மகள் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்கப் போறன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறாள். தகப்பனும் இல்லாத பிள்ளை. கூத்தாடிச் சோறு தின்னேலுமோ?” என்று கேட்டிருக்கிறார்.

அந்தத் தாயின் பயம் நியாயமானது. ஆனால் இந்தப் பாடத்தைப் பல வருடமாகப் படிப்பிக்கிறவள் என்ற முறையில், சோறு பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்பு, ஒரு பழைய நாடகத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து நடித்துப் படித்தபோது நான் செய்த பிழை ஒன்றையும், அந்தப் பிழையை ஒரு தாய் எனக்குக் காட்டித் தந்ததையும் சொல்லவேண்டும்.

குறிப்புச் சொல்லிக் கொடுத்த காலம்

ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போலத்தான் படிப்பித்தேன். கிரேக்க அரங்கு என்றால் கொப்பியில் ஒரு தலைப்பு. அதன் கீழே, கோரஸ் பதினைந்து பேர், நடிகர் மூன்று பேர், முகமூடி அணிவர், பெண் பாத்திரங்களையும் ஆண்களே நடிப்பர் என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். பரீட்சைக்கு அது போதும். ஒரு நாள் பின் வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் கையை உயர்த்தி, “ரீச்சர், அந்தச் சனம் வேலையை விட்டுப்போட்டு வந்து இதை ஏன் பார்த்தது?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த தவணையில் முறையை மாற்றினேன். அது 2016ஆம் ஆண்டு. எங்கள் பாடசாலை வன்னியில், ஒரு குளக்கட்டுக்குக் கிட்ட இருக்கிறது. வகுப்பில் பதினாலு பிள்ளைகள், அதில் மூன்று பேர் ஆண் பிள்ளைகள். மேடை இல்லை, திரை இல்லை. வகுப்பறைக்குப் பின்னால் ஒரு வேப்பமரமும் அதன் நிழலும் இருந்தன. அது போதுமாயிருந்தது.

நான் எடுத்த நாடகம் ‘அன்ரிகனி’. சோபோக்கிளீஸ் என்ற கிரேக்கர் கி.மு. 441 அளவில் எழுதியது. கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீப்ஸ் என்ற நகரத்தில் அண்ணன் தம்பி இருவர் அரசுரிமைக்காகச் சண்டை பிடித்து, ஒருவர் கையால் மற்றவர் இறந்து போகிறார்கள். அடுத்து அரசனாகிற மாமன் கிரயோன், நகரத்துக்காகப் போரிட்டவனை மரியாதையோடு அடக்கம் செய்கிறான். மற்றவன் படை கொண்டு வந்தவன், ஆகவே அவனை யாரும் அடக்கம் செய்யக்கூடாது, அழவும் கூடாது, நாயும் பறவையும் தின்னட்டும் என்று கட்டளை போடுகிறான். மீறினால் மரணம். தங்கை அன்ரிகனி அந்தக் கட்டளையை மீறித் தமையனின் உடலில் மண் தூவுகிறாள். பிடிபடுகிறாள். அவளை உயிரோடு ஒரு குகையில் வைத்து அடைக்கிறார்கள். தன் பிழையை அரசன் உணர்ந்து ஓடிவரும்போது காலம் கடந்துவிடுகிறது. அவளும் இல்லை, அவளுக்கு நிச்சயித்திருந்த தன் மகனும் இல்லை, அதைக் கேட்ட மனைவியும் இல்லை.

இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. நான் அதைக் கவனிக்கவில்லை.

நடித்துப் படித்த விதம்

முதல் நாள் புத்தகத்தைக் கையில் கொடுக்கவில்லை. கதிரை மேசைகளைச் சுவரோரம் தள்ளி, கிரயோனின் கட்டளையைப் பெரிய கடதாசியில் எழுதிக் கதவில் ஒட்டினேன். பிள்ளைகள் வாசித்துவிட்டு உள்ளே வரவேண்டும். வந்தவுடன் அவர்கள் தீப்ஸ் நகரத்துச் சனம். “நீ ஆர்? இந்தக் கட்டளையைப் பற்றி வீட்டில போய் மெல்லமா என்ன சொல்லுவாய்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருத்தி பாண் போறணைக்காரி. ஒருத்தி காவற்காரனின் மனைவி. “எனக்குப் பிள்ளைகள் இருக்கு, நான் வாய் திறக்கமாட்டன்” என்றாள். ஒரு மணித்தியாலத்தில் நகரம் ஒன்று எங்கள் வகுப்பறைக்குள் வந்துவிட்டது.

இரண்டாம் கிழமை அசையாமல் நிற்கும் காட்சிகள். நாடகத்தை ஏழு இடமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்தையும் படம் பிடித்தது போல நின்று காட்டச் சொன்னேன். நிற்கிறவரின் தோளை நான் தொட்டால், அந்தப் பாத்திரம் மனதுக்குள் நினைப்பதை ஒரு வசனத்தில் சொல்லவேண்டும். அன்ரிகனியின் அக்காவோ தங்கையோ, இஸ்மினி, முதலில் உதவிக்கு வர மறுக்கிறாள். அவளைக் கோழை என்றுதான் புத்தகத்தில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் இஸ்மினியாக நின்ற பிள்ளை, “எல்லாரும் செத்தால் வீட்டில விளக்கு வைக்க ஒருத்தரும் இல்லை” என்றாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் இஸ்மினியை ஒருவரும் கோழை என்று சொல்லவில்லை.

கோரஸைப் படிப்பிக்க எங்கள் கூத்துக் கைகொடுத்தது. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்தும், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போயும் வளர்ந்த பிள்ளைகள் சிலர் வகுப்பில் இருந்தார்கள். அரசனின் முன்னால் போய் நின்று நியாயம் கேட்ட பெண் அவர்களுக்குப் புதியவள் அல்ல. அண்ணாவியார் தாளம் சொல்ல, ஆட்டக்காரர் பாட, சுற்றி நிற்பவர் பிற்பாட்டுப் பாடுவது அவர்களுக்குத் தெரியும். கிரேக்கக் கோரஸ் ஒரு பக்கம் ஆடிப் பாடி, பின் மறுபக்கம் திரும்பி ஆடிப் பாடும் என்று சொன்னபோது, “இது எங்கட வட்டக்களரி ஆட்டம் மாதிரி ரீச்சர்” என்றார்கள். எங்கள் கூத்திலும் பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். குறிப்பில் எழுதி மறந்தது, காலில் வந்தபோது மறக்கவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்ற கூத்துகளைப் புதிதாக மேடையேற்றியதையும் அந்த நேரத்தில் சொன்னேன். பழைய ஆட்டத்தைப் படித்த பிள்ளைகள் எடுத்து ஆடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்பதை அவர்கள் அறியவேண்டும் அல்லவா?

முகமூடிகளையும் நாங்களே செய்தோம். வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். குளத்துக் களிமண்ணைப் பிசைந்து ஒரு பலகையில் முகம் போலச் செய்யுங்கள். முதலில் தண்ணீரில் நனைத்த பத்திரிகைத் துண்டுகளைப் பசை இல்லாமல் ஒரு படை ஒட்டுங்கள். பிறகு கோதுமை மாவைக் காய்ச்சிய பசையில் தோய்த்த துண்டுகளை ஐந்தாறு படை ஒட்டி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். களிமண்ணைக் கழற்றிக் கண்ணுக்கும் வாய்க்கும் வெட்டினால் சரி. செலவு கோதுமை மாவுக்கு மட்டும்தான். வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகள் முகமூடியைப் போட்டவுடன் குரல் உயர்த்திப் பேசியதைக் கண்டேன்.

நான் செய்த பிழை

மண் தூவும் காட்சி வந்தது. வகுப்பில் நல்ல குரல் உள்ள பிள்ளை ஒருத்தியை அன்ரிகனியாக நான்தான் தெரிவு செய்திருந்தேன். அவளுடைய தமையன் 2009 மே மாதத்தில் காணாமற் போனவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். நடித்தால் மனப்பாரம் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வைத்திருந்தேன்.

முற்றத்து மண்ணைச் சிரட்டையில் அள்ளி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை நடுங்கியது. “போடு பிள்ளை, போட்டிட்டு வசனத்தைச் சொல்லு” என்றேன். அவள் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை தாய் வந்தார். அதிபரிடம் போகவில்லை. வேப்பமரத்தடிக்கு நேரே என்னிடம் வந்தார்.

“ரீச்சர், உங்களோட சண்டை பிடிக்க நான் வரேல்லை. என்ர மகன் செத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? அவளின்ர கையால ஏன் மண் போட வைக்கிறியள்?”

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது.

சகோதரிகளே, என்னுடைய தம்பியும் அந்த வருடம்தான் போனவன். ஆனால் அவனை நாங்கள் கண்ணால் கண்டோம். பதுங்குகுழிக்குப் பக்கத்தில், அம்மாவின் சேலையால் மூடி, கையால் மண் தள்ளிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே அன்ரிகனியின் ஒரு பிடி மண் எனக்கு ஆறுதல். காத்திருக்கிற அந்த வீட்டுக்கு அது தீர்ப்பு. இரண்டும் ஒன்றல்ல. என் தேவையை நான் அந்தப் பிள்ளையின் கையில் சிரட்டையோடு கொடுத்திருக்கிறேன்.

“என்னில பிழை அம்மா. மன்னிச்சுக் கொள்ளுங்கோ” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அன்று வகுப்பு எடுக்கவில்லை.

அதன் பின் வகுப்பில் மூன்று ஒழுங்குகளை வைத்தோம். ஒன்று, பாத்திரத்தை ஆசிரியை கொடுப்பதில்லை, பிள்ளைதான் தெரிவு செய்வது. இரண்டு, எந்த நேரத்திலும் “நான் நிக்கிறன்” என்று சொல்லி விலகலாம். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. மூன்று, முடிந்தவுடன் முகமூடியைக் கழற்றி, முகம் கழுவி, தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். சாவுகளைக் காட்டி நடிப்பதையும் விட்டோம். கிரேக்கரும் மேடையில் காட்டவில்லை. தூதன் வந்து சொல்வான். நாடகம் எழுதியவர்களுக்கு இருந்த அந்த நிதானம் எனக்கு இருக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து அந்தப் பிள்ளை திரும்பி வந்தாள். கோரஸில் நிற்கிறேன் என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

தாயின் கேள்வி

நாங்கள் ‘கேள்விக் கதிரை’ என்று ஒன்று செய்வோம். பாத்திரமாக ஒருவர் கதிரையில் இருக்க, மற்றவர்கள் கேட்கலாம். அவர் அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்லவேண்டும். அன்று கிரயோன் இருந்தான். முன்பு என்னிடம் “சனம் ஏன் பார்த்தது” என்று கேட்ட அதே பெடியன்தான். அந்தத் தாயும் மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்து, விறாந்தைக் கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கேட்டு முடிந்ததும், “நானும் ஒண்டு கேக்கலாமோ?” என்றார்.

“கேளுங்கோ அம்மா.”

“இந்த ரெண்டு பெடியளின்ர தாய் எங்கை?”

கிரயோன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன், தாய் யோகாஸ்ரா இந்த நாடகம் தொடங்க முன்னமே இறந்துவிட்டாள் என்று.

“அதுதான்,” என்றார் அவர். “தாய் இருந்திருந்தா ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில கிடத்தியிருப்பாள். ஒண்டை வீரன் எண்டும் மற்றதைத் துரோகி எண்டும் பிரிச்சிருக்கமாட்டாள். ராசா கட்டளை எழுத முதல் அவளைக் கேட்டிருக்க வேணும்.”

இத்தனை வருடம் அந்த நாடகத்தை வாசித்த எனக்கு இந்தக் கேள்வி ஒரு நாளும் வரவில்லை. அடுத்த வகுப்பில் பிள்ளைகளிடம், நாடகத்தில் இல்லாத அந்தத் தாய் இருந்தால் என்ன பேசுவாள் என்று எழுதச் சொன்னேன். பதினாலு பேரும் எழுதினார்கள். யாரும் என்னிடம் எத்தனை வரி என்று கேட்கவில்லை. எழுதியவற்றில் இருந்து ஒரு சின்னக் காட்சியை அவர்களே கோர்த்து எடுத்தார்கள்.

தவணை முடிவில் பெற்றோருக்கு மரத்தடியில் செய்து காட்டினோம். மண் தூவும் இடத்தை எப்படிச் செய்வது என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்தார்கள். உடல் என்று ஒன்றும் வைக்கவில்லை. அன்ரிகனியாக வேறொரு பிள்ளை மண்ணை விரல்களால் வழியவிட்டாள். கோரஸில் நின்றவர்களில் சிலர் வெறுஞ்சிரட்டையைப் பிடித்தபடி நின்றார்கள். “தெரியாதவைக்கு வெறுமையா இருக்கட்டும் ரீச்சர், நிரப்பத் தேவையில்லை” என்று சொன்னது அந்தப் பிள்ளைதான். அவளும் ஒரு வெறுஞ்சிரட்டை வைத்திருந்தாள். தாய் முன்வரிசையில் இருந்தார். எழுந்து போகவில்லை.

முடிந்தபின், கேள்வி கேட்ட பெடியன் என்னிடம் வந்து, “சனம் ஏன் பார்த்தது எண்டு இப்ப விளங்குது” என்றான்.

உலகத்தில் இதைச் செய்தவர்கள்

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. தென்னாபிரிக்காவின் றொபன் தீவுச் சிறையில் கைதிகள் இதே நாடகத்தை நடித்தார்கள். நெல்சன் மண்டேலா கிரயோனாக நடித்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 2014இல் லெபனானின் பெய்ரூட் நகரில், சிரியாவில் இருந்து அகதிகளாக வந்த பெண்கள் இந்தக் கதையோடு தங்கள் சொந்தக் கதைகளையும் சேர்த்து மேடையில் சொன்னார்கள். முன்பின் மேடை ஏறாத பெண்கள். இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு மேலான ஒரு கதை, அழக்கூடாது என்று கட்டளை போடப்பட்ட இடங்களிலெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது.

ஆனால் நாடகம் மருந்தல்ல. மனம் உடைந்த பிள்ளைக்கு, நித்திரை இல்லாத பிள்ளைக்கு, சாவைப் பற்றியே பேசுகிற பிள்ளைக்கு வைத்தியரும் உளவளத்துணையாளரும் வேண்டும். ஆசிரியை அந்த வேலையைச் செய்யப் புறப்படக்கூடாது. இது நான் பட்டுத் தெளிந்தது.

உங்கள் பிள்ளை பாடசாலையில் நாடகம் பழகினால்

என்ன பாத்திரம், யார் தெரிவு செய்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள். விரும்பவில்லை என்றால் விலக இடம் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. உங்கள் வீட்டில் நடந்தது எது, எதைப் பிள்ளையிடம் கேட்கக்கூடாது என்பதை ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பழகிவிட்டு வந்த அன்று “வசனம் பாடமோ?” என்று கேட்காமல், “அந்த ஆள் ஏன் அப்பிடிச் செய்தது?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை பேசும். மாதர் சங்கக் கூட்டத்திலும் தெரிந்த ஒரு கதையை எடுத்து, கேள்விக் கதிரை வைத்துப் பார்க்கலாம். மாதவியையோ மண்டோதரியையோ கதிரையில் இருத்திக் கேளுங்கள். சொந்தக் கதையில் தொடங்கவேண்டாம். அடுத்தவர் கதை ஒரு குடை மாதிரி, அதற்குள் நின்று பேசுவது சுகம்.

இனிச் சோற்றுக் கேள்வி. கடிதம் எழுதிய சகோதரிக்கு உண்மையைச் சொல்கிறேன். இந்தப் பாடம் மட்டும் வேலை வாங்கித் தராது. ஆனால் இது கலைப்பிரிவில் மற்றப் பாடங்களைப் போல ஒரு பாடம், பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குச் சேரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் தொடர்ந்து படிக்கலாம். மற்ற இரண்டு பாடங்களையும் யோசித்து எடுக்கச் சொல்லுங்கள். மகளின் விருப்பத்தை உடைக்கவேண்டாம்.

அந்தக் கோரஸ் பிள்ளை இப்போது முன்பள்ளி ஆசிரியை. சின்னப் பிள்ளைகளுக்கு முகமூடி செய்து கொடுக்கிறாள். தாய், 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது மகனின் படத்தோடு போய் இருந்தவர். மகன் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை. என்னைக் கண்டால் நின்று கதைப்பார். “இந்த வருசம் என்ன கதை ரீச்சர்?” என்று கேட்பார். சொல்வேன். சொல்லிவிட்டு, “இதில ஆரை நான் மறந்துபோனன் எண்டு பார்த்துச் சொல்லுங்கோ அம்மா” என்று கேட்பேன். அவர் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.